புள்ளி வைத்த இடங்கள்

ஒரகடம் கூட்டுச்சாலையிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு வழியாகப் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருக்கழுக்குன்றம் வந்துவிடும். உ.வே.சாமிநாதையர் 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேதான் காலமானார். இரண்டாம் உலகப் போரின்போது சென்னையில் குண்டு விழும் என்ற பயத்தில் நகரம் காலியாகிக்கொண்டிருந்தது. எண்பத்தேழு வயதில் அவரும் திருவல்லிக்கேணி வீட்டை விட்டு அந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்த ‘என் சரித்திரம்’ முற்றுப்பெறாமல் நின்றது. கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியைத் தொட்டிருந்தது. அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளை அவர் கையால் எழுத முடியவில்லை.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். சங்க நூல் பதிப்பு வரலாறு என்பது கும்பகோணத்திலும் யாழ்ப்பாணத்திலும் நடந்து முடிந்த விஷயம் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். தங்கள் பேருந்துத் தடத்தில் அதற்கு ஒரு நிறுத்தம் இருக்கிறது என்பது அவர்களுக்குப் புதிது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சிப்காட் பலகை. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் எல்லாம் இங்கே செய்கிறார்கள். எங்கள் பி.ஏ. தமிழ் மாணவியரில் ஒருத்திக்கு அக்கா லைனில் நிற்கிறாள், இன்னொருத்திக்கு அம்மா கேண்டீனில் வேலை. சிலர் கோடை விடுமுறையில் தாங்களே கன்சல்டன்சி மூலம் கான்ட்ராக்டில் போய்விட்டு, சம்பாதித்த பணத்தில் அடுத்த செமஸ்டர் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அந்தப் பணம் வங்கியில் ஏறும் நாள் வகுப்பறையின் முகத்திலேயே தெரிந்துவிடும்.

அப்படியான ஒரு வகுப்பில், ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதையை நான் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “அவர் ஏட்டைத் தேடிப் போயிட்டார், சரி மேடம். அவர் வீட்டுல யார் சோறாக்குனா?”

அவள் கிண்டலுக்காகக் கேட்கவில்லை. அவளுடைய அம்மா இரண்டாம் ஷிஃப்ட் முடித்து நள்ளிரவுக்கு மேல் வீடு வருபவர். வீட்டில் நான்கு பேருக்கும் அவள்தான் சமைக்கிறாள். சமைக்கவும் துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குத் தெரிந்தவள் கேட்ட கேள்வி அது.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ‘என் சரித்திர’த்தை மறுபடி வாசித்தேன். 1855இல் உத்தமதானபுரத்தில் பிறந்த பையனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடி, குடும்பமே இடம் மாறிக்கொண்டிருந்தது. அரியலூர், குன்னம், காரை என்று தகப்பனார் வேங்கடசுப்பையர் போன இடமெல்லாம் வீடும் போயிற்று. நல்ல ஆசிரியர் கிடைக்கும் ஊர் என்பது மகனுடைய கணக்கு. தாயார் சரஸ்வதி அம்மாளின் கணக்கில் ஒவ்வொரு ஊரும் புதிய அடுப்பு, புதிய கிணறு, புதிய அக்கம்பக்கம். 1868இல், பதினான்காம் வயதில், மாளாபுரத்துப் பெண் மதுராம்பிகையோடு அவருக்குக் கல்யாணம் ஆகிறது. கல்யாணத்தில் நடந்தவற்றை அவர் ரசனையோடு விரித்து எழுதுகிறார். மணப்பெண் அதற்குப் பிறகு அரிதாகவே தென்படுகிறார். 1871இல் மாணவர் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்கிறார். ஆசிரியர் 1876இல் இறக்கும்வரை அவர் நிழலாகவே இருக்கிறார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், இவர் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வி ஒருவரின் வாழ்க்கையையும் ஒரு மொழியின் பழமையையும் திருப்பிப் போட்டது.

அடுத்து வருவது நமக்குத் தெரிந்த பட்டியல். 1887 சீவக சிந்தாமணி, 1889 பத்துப்பாட்டு, 1892 சிலப்பதிகாரம், 1894 புறநானூறு, 1898 மணிமேகலை, 1903 ஐங்குறுநூறு, 1904 பதிற்றுப்பத்து, 1918 பரிபாடல், 1937 குறுந்தொகை. ஐம்பது ஆண்டு உழைப்பு. இடையில் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம், 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம். இந்தப் பட்டியலின் ஒவ்வொரு ஆண்டுக்குள்ளும் விடுமுறைப் பயணங்களும் அச்சகத்தில் கழிந்த நாட்களும் விளக்கு வெளிச்சத்தில் புரூஃப் பார்த்த இரவுகளும் இருக்கின்றன. அத்தனை நாளும் ஒரு வீடு நடந்துகொண்டிருந்திருக்கிறது.

சிந்தாமணிக் கதையில் ஒரு இடம் உண்டு. சமணக் கருத்துகள் புரியாமல் திண்டாடிய உ.வே.சா., கும்பகோணத்தில் இருந்த சமணர் ஒருவரின் வீட்டுக்குப் போகிறார். வாசலில் மாக்கோலம், தோரணம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணியைப் பாராயணம் செய்துவந்தோம், இன்று பூர்த்தியாயிற்று என்கிறார்கள். கல்வி உலகம் மறந்துபோன ஒரு நூல் ஒரு வீட்டுக்குள் உயிரோடு இருந்திருக்கிறது! இந்த இடத்தைப் பல அறிஞர்கள் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்கள். என் மாணவிகள் உடனே கேட்டது வேறு: கோலம் போட்டது யார்? பாராயணம் நடந்தபோது அவர் எங்கே உட்கார்ந்து கேட்டார்? கேட்டாரா?

அவர் பெண்களை மறைத்துவிட்டார் என்று வழக்குப் போடுவது என் நோக்கமில்லை. அந்தக் காலத்து வைதிகக் குடும்பத்தில் மனைவியைப் பற்றி வெளியில் பேசுவதே மரியாதைக் குறைவு. மேலும், உதவியவர்களை இந்த அளவுக்கு நன்றியோடு நினைத்த பதிப்பாசிரியர்கள் குறைவு. எந்த ஏடு யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், எந்த மடம் என்று முகவுரையில் பெயர் பெயராகக் குறிப்பார். அந்தப் பெயர்கள் ஏறக்குறைய முழுக்க ஆண்களுடையவை என்பதற்குக் காரணம், ஏடு யார் சொத்தாக இருந்தது என்பதில் இருக்கிறது. மடத்துப் புத்தகசாலைக்குள் போகவும், ஊர் பேர் தெரியாத வீட்டுத் திண்ணையில் படுத்து எழுந்து மறுநாள் ஏடு கேட்கவும் சாதியும் ஆண் உடம்பும் வழிவிட்டன. அதே ஆர்வமும் அதே மூளையும் கொண்ட ஒரு பெண்ணுக்கு 1880களில் அந்தத் திண்ணை கிடையாது. சேரியிலிருந்து வந்த ஒருவருக்கு அந்தத் தெருவே கிடையாது.

ஆனால் இதே மனிதர்தான் நமக்குப் பெண்களைத் திருப்பித் தந்தவர்களில் முதன்மையானவர். 1894க்கு முன்னால், படித்த தமிழரிலும் எத்தனை பேருக்கு வெண்ணிக் குயத்தியாரைத் தெரிந்திருக்கும்? ஒக்கூர் மாசாத்தியாரை? மாறோக்கத்து நப்பசலையாரை? தகப்பனை இழந்து பாடிய பாரி மகளிரை? புறநானூற்றை அச்சிட்டபோது பாடலோடு நில்லாமல் பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு என்று தனித்தனியே தொகுத்துச் சேர்த்தார். பத்து ஆண்டு கழித்துப் பதிற்றுப்பத்து வந்தது. ஒரு சேர மன்னன்மேல் முழுப் பத்தையும் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார் அதோடு வந்தார்.

சங்கப் பெண்பாற் புலவர்கள் எத்தனை பேர் என்று தேர்வில் கேட்பார்கள். ஆய்வாளருக்கு ஆய்வாளர் விடை மாறும். சிலர் முப்பதை ஒட்டி நிறுத்துவார்கள், சிலர் நாற்பதைத் தாண்டுவார்கள். மாணவிகளுக்கு இது எரிச்சலூட்டும். எனக்கோ இந்தக் குழப்பம்தான் பாடத்தின் சுவையான பகுதி. தமிழ் மரியாதை விகுதியான ‘ஆர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. நக்கண்ணையார் பெயரிலும் அது உண்டு. மரியாதை கொடுக்கும்போதே அந்த விகுதி ஆளை மறைத்தும் விடுகிறது. பிறகு துப்புத் துலக்க வேண்டும். குயத்தி என்பதில் பெண் விகுதி இருக்கிறது. மண்பாண்டத் தொழிலும் இருக்கிறது, வெண்ணி என்ற ஊரும் இருக்கிறது. நக்கண்ணையாருக்கு ‘பெருங்கோழி நாய்கன் மகள்’ என்ற அடைமொழி சாட்சி. வெள்ளிவீதியாரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. அவரைப் பற்றிச் சாட்சி சொல்பவர் ஔவையார். அகநானூறு 147ஆம் பாட்டில், பிரிந்தவனைத் தேடிப் போகத் துணியும் ஒருத்தி, வெள்ளிவீதியைப் போலப் போவேன் என்கிறாள். அந்த வெள்ளிவீதியார் தன் பாட்டில், அகநானூறு 45இல், ஆதிமந்தியை நினைக்கிறார். ஆதிமந்தியாரின் பெயரில் குறுந்தொகையில் 31ஆம் பாட்டு இருக்கிறது. ஒருத்தி இன்னொருத்தியைக் கைகாட்ட, அவள் மற்றொருத்தியைக் கைகாட்டுகிறாள். மூன்று பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் இந்தச் சங்கிலி கண்ணில் படும். அப்படி வைத்துப் பார்ப்பதற்குத்தான் மூலபாட ஆய்வு என்று பெயர்.

உ.வே.சா.விடம் நான் மிகவும் மதிப்பது அவர் வைத்த புள்ளிகளை. ஏட்டில் செல் அரித்த இடம், ஒடிந்த இடம், படிக்க முடியாத இடம் வந்தால் அங்கே புள்ளி வைத்துவிட்டுப் போவார். யாப்பு கைவந்த மகாவித்துவானின் மாணவர். விடுபட்ட சீரைத் தானே கட்டி நிரப்பியிருந்தால் அந்நாளில் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இன்றும் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிப் போனபோது, சிதைந்தவற்றைச் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். இழப்பின் கணம் அவருக்குத் தெரியும். அந்த இடத்தை வேறு எதையும் கொண்டு அடைக்க அவர் கை போகவில்லை.

நான் கவிதையும் எழுதுகிறவள். மதுராம்பிகையின் குரலில் ஒரு நீள்கவிதை எழுதச் சொல்லி மனம் பலமுறை உந்தியிருக்கிறது. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, சுவடிக்கட்டைப் பார்த்து அவர் பேசுவதாக. எழுதியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் அந்தக் குரல் என்னுடையதாக இருக்கும், அவருடையதாக இருக்காது. பெண்ணின் மௌனத்தை நாமே பேசி நிரப்பிவிட்டால், அங்கே மௌனம் இருந்த தடயமும் அழிந்துபோகும். பெண்ணிய வரலாற்று எழுத்தில் எனக்கு வேண்டியது கற்பனையைவிட அதிகமாக இந்தப் புள்ளிதான். இங்கே ஒருத்தி இருந்தாள், அவள் சொன்னது கிடைக்கவில்லை என்று அச்சில் ஏறிய புள்ளி.

இந்தப் பழக்கம் வகுப்பறைக்கு வெளியே எங்கே போகும் என்று யோசித்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் படிப்பு முடித்த மாணவி ஒருத்தி, மின்னணு உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் ஒப்பந்ததாரர் மூலம் சேர்ந்தாள். ஒரு நாள் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, ஆள் எடுக்கும்போது ஊரில் ஒட்டிய தமிழ் நோட்டீஸ்: தங்குமிடம், உணவு, பேருந்து இலவசம். மற்றொன்று, சேர்ந்த பிறகு கையெழுத்து வாங்கிய ஆங்கிலக் கடிதம்: விதிகளின்படி பொருந்தும் பிடித்தங்கள் ஊதியத்தில் கழிக்கப்படும். பே ஸ்லிப்பில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் பிடித்திருந்தார்கள். அவள் இரண்டையும் வரிக்கு வரி ஒரு நோட்டில் எதிரெதிராக எழுதி, மாறும் சொற்களின் கீழே கோடு போட்டிருந்தாள். படத்துக்குக் கீழே ஒரே வார்த்தை: “பாடபேதம் மேடம்.”

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அறையில் இருந்த பெண்கள் சேர்ந்து போய்க் கேட்டார்கள். அவர்களுக்குப் பிடித்தம் நிற்கவில்லை. அடுத்து வந்த பெண்களுக்குக் கொடுத்த கடிதத்தில் மட்டும் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எண்ணில் எழுதப்பட்டிருந்தது. சிறிய திருத்தம்தான். ஆனால் சேரும் முன்பே அது தெரிந்தால், ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லலாம்.

இந்தச் சாலையில் சோறு எப்போதும் பெரிய செய்தி. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் உடல்நலம் கெட்டு மருத்துவமனைக்குப் போனபோது, அவர்களோடு வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பெண்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அந்த வாரம் நான் மணிமேகலை நடத்திக்கொண்டிருந்தேன். அமுதசுரபியோடு வந்த மணிமேகலை பசித்தவர்க்குச் சோறிட்டதும், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியதும், கடைசியில் பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வந்ததும் இந்தப் பிள்ளைகளுக்குப் புராணமாகப் படவில்லை. காஞ்சிபுரம் அவர்களுக்குப் பக்கத்து ஊர். பல்லாயிரம் பெண்கள் ஒரே சமையற்கூடத்தை நம்பி இருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் காப்பியம் 1898இல் உ.வே.சா. பதிப்பாக வந்ததற்குப் பின்னால் ஒரு கூட்டுழைப்பு உண்டு. பௌத்தம் தெரியாமல் அவர் தவித்தபோது, கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலை பார்த்த ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துப் படித்துச் சொன்னார். அறிஞர் தனியாக எதையும் கண்டெடுப்பதில்லை. யார் பெயர் முகவுரையில் ஏறுகிறது என்பதில்தான் வேறுபாடு.

பதிப்புப் பணியில் பெண்கள் வந்த கதையையும் சொல்லித்தருகிறேன். உ.வே.சா. இறந்த மறு ஆண்டு, 1943இல், அவருடைய சுவடிகளுக்கும் நூல்களுக்கும் அடையாற்றில் நூல்நிலையம் அமைத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். சங்கச் செய்யுளின் மொழிக்கு விரிவான ஆங்கில இலக்கணம் எழுதி 1992இல் வெளியிட்டவர் வி.எஸ். ராஜம். நற்றிணைக்கும் குறுந்தொகைக்கும் கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டு 2008இலும் 2010இலும் ஆய்வுப் பதிப்புகள் கொண்டுவந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஏவா வில்டன். பெண்பாற் புலவர்களுக்கென்றே களஞ்சியம் தொகுத்தவர் தாயம்மாள் அறவாணன். இந்தப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதும்போது, இவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்கச் சொல்கிறேன். படிக்க நேரம், உட்கார இடம், சுவடி இருக்கும் அறைக்குள் நுழையும் உரிமை, ஆண்டுக்கணக்கில் பலன் தெரியாத வேலைக்குச் சம்பளம். இவை கிடைத்தால் எங்கள் வகுப்பிலும் ஒரு பதிப்பாசிரியர் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவளுக்குக் கிடைக்காதது இவைதான். சொல்லின் மீது ஆசை அவளுக்குக் குறைவு என்று நான் ஒப்ப மாட்டேன். திரையில் நொடிக்கு நொடி ஓடும் சர்க்யூட் போர்டில் ஒரு புள்ளி அளவு பிசகைக் கண்டுபிடிக்கும் கண், ஏட்டில் ரகரத்தையும் காலையும் பிரித்தறியாதா?

சென்ற ஆண்டு ஒரு பயிற்சி கொடுத்தேன். பாடினோர் வரலாற்றின் அமைப்பில் உங்கள் வீட்டுப் பெண்களின் வரலாற்றை எழுதுங்கள். பெயர், ஊர், செய்த வேலை, அதற்கு என்ன சான்று. தெரியாததைக் கற்பனை செய்யாதீர்கள், புள்ளி வையுங்கள்.

நோட்டுகள் வந்தன. அம்மா வரைக்கும் எல்லாம் நிறைந்திருந்தது. பாட்டி வரைக்கும் ஓரளவு. கொள்ளுப்பாட்டியைத் தொட்டதும் பக்கம் பக்கமாகப் புள்ளிகள். கொள்ளுத்தாத்தாக்களின் பெயர்கள் பெரும்பாலும் இருந்தன. பட்டாவில் இருந்தன, பேரன் பெயரில் இருந்தன, கோயில் கல்லில் இருந்தன. பிள்ளைப்பாக்கத்து மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்:

பெயர்: ...............
ஊர்: பிறந்தது ............... வாழ்ந்தது பிள்ளைப்பாக்கம்.
வேலை: நடவு, களையெடுப்பு, பிரசவம் பார்ப்பது.
பாடல்: நடவுப் பாட்டு நிறையத் தெரியும் என்பார்கள். ...............
சான்று: பாட்டி சொன்னது. அவர் நட்ட வயல் இப்போது கம்பெனிக்குள் இருக்கிறது.

அந்த நோட்டுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: அந்தத் தெருவில் பாட்டி வயதில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள்? ஒரு பிரதி போதாது. போய்க் கேள்.